சுழலும் உருண்டையில் ஒரு மழைக் கணக்கு

பருவமழையை எவ்வளவு தூரம் முன்கூட்டிச் சொல்ல முடியும்? அலைகள் ஒரு பதில் சொல்கின்றன, சுழிகள் வேறொரு பதில் சொல்கின்றன. இரண்டுக்கும் நடுவே அரை நூற்றாண்டாகக் கணக்குப் போடுகிறது பெங்களூரு.

பெங்களூருவுக்கு வடக்கே, மூன்று பக்கமும் ஆந்திர எல்லை சூழ்ந்து நிற்கும் பாவகடா தாலுகாவில் நிலக்கடலை விதைப்பது சூதாட்டத்துக்குச் சமம். பக்கத்து அனந்தபூர் வட்டாரத்தில் ஆண்டு முழுவதற்கும் சேர்த்துப் பெய்வது சுமார் 55 செ.மீ. மழைதான். ஜூன் பிற்பாதியில் ஒரு நல்ல மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். மண் நனைந்துவிட்டது. விதைக்கடலை மூட்டை வீட்டில் தயாராக இருக்கிறது. இன்றே விதைப்பதா, இன்னும் மூன்று வாரம் பொறுப்பதா? விதைத்தபின் மழை நின்றுபோனால் விதைக்குப் போட்ட காசு மண்ணோடு போகும். பொறுத்திருந்து அடுத்த மழை ஏமாற்றினால் அந்த வருஷம் வெள்ளாமையே இல்லை.

தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் கண்ட வழி, முதல் வாய்ப்பிலேயே விதைத்துவிடுவது. இந்த வழக்கம் சரிதானா என்று பார்க்கப் புறப்பட்டார்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விஞ்ஞானிகள் சிலர். ஊர்க்காரர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிடியூட்’ என்று அழைக்கும் அதே கழகம்தான். பல பத்தாண்டு மழைப் பதிவுகளையும் பயிர் வளர்ச்சிக் கணக்கையும் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தபோது கிடைத்த விடை விவசாயிகளுக்கே வியப்பாக இருந்திருக்கும்: அவசரப்படாமல் ஜூலை நடுப்பகுதி தாண்டி விதைத்தால், காய் பிடிக்கும் காலத்தில் வறட்சியில் சிக்கும் ஆபத்து குறைகிறது. 2002-ல் வெளியான இந்த ஆய்வின் பின்னால் இருந்தவர் சுலோசனா காட்கில். அவர் விவசாய நிபுணர் அல்ல. கணிதத்தில் ஊறிய வளிமண்டல விஞ்ஞானி. அவர் வாழ்நாளெல்லாம் போட்ட கணக்கு ஒன்றுதான். சுழலும் ஒரு உருண்டையின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றும் நீரும் எப்படி அசைகின்றன?

குடை ராட்டினத்தில் காற்று

கேட்க எளிமையாக இருக்கும் இந்தக் கேள்வி, இயற்பியலின் மிகக் கடினமான கேள்விகளுள் ஒன்று. பூமியை ஒரு மீட்டர் குறுக்களவுள்ள பந்தாகச் சுருக்கினால், நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான படலத்துக்குள் அடங்கிவிடும். மழை, புயல், வறட்சி எல்லாம் அந்த மெல்லிய படலத்துக்குள்தான். அந்தப் பந்தோ சும்மா இருப்பதில்லை. பூமத்திய ரேகையில் நிற்பவரை மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுமந்து செல்கிறது. சென்னையில் நிற்பவருக்கு அந்த வேகம் சுமார் 1,630 கி.மீ.; டெல்லியில் 1,470 கி.மீ. மட்டுமே.

திருவிழாக் குடை ராட்டினத்தின் விளிம்பில் உட்கார்ந்து நடுவில் இருப்பவரிடம் பந்து எறிந்து பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது புரியும். பந்து நேராகப் போகாது, விலகும். அதேபோல் சென்னையிலிருந்து வடக்கே புறப்படும் காற்று, சென்னையின் கூடுதல் வேகத்தைச் சுமந்துகொண்டு போவதால் கிழக்கே, அதாவது தன் வலப்பக்கம் விலகுகிறது. தென் கோளார்த்தத்தில் விலகல் இடப்பக்கம். 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு விஞ்ஞானி கோரியாலிஸின் பெயரில் வழங்கும் விளைவு இது. துருவத்தில் இதன் பிடி முழுமையாக இருக்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கக் குறைந்து அங்கே பூஜ்யமாகிவிடும். ரேகையையொட்டிப் புயல்கள் உருவாகாததற்குக் காரணம் இதுதான். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், ரேகைக்கு ஒன்றரை டிகிரி வடக்கே எழுந்த ‘வாமெய்’ புயல் விஞ்ஞானிகளைத் திகைக்க வைத்ததற்கும் காரணம் இதுதான்.

இடத்துக்கு இடம் மாறும் இந்தப் பிடிதான் காற்றுக்கும் கடலுக்கும் தனி வகை அலைகளைத் தருகிறது. மெரினாவில் காலை நனைக்கும் அலைகள் அல்ல இவை; ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ளவை. வடக்கே தள்ளப்படும் காற்று, அங்கே பூமியின் சுழற்சிப் பங்கு கூடுதலாக இருப்பதால் அதை ஈடுகட்ட எதிர்த்திசையில் சுழன்று மறுபடி தெற்கே திரும்புகிறது. தெற்கே போனது வடக்கே திரும்புகிறது. இப்படிப் பாம்பாக நெளியும் அலைகளை 1939-ல் விளக்கியவர் ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கார்ல் குஸ்தாவ் ராஸ்பி. 1966-ல் ஜப்பானிய விஞ்ஞானி டாரோ மட்சுனோ வெப்ப மண்டலத்துக்கான கணக்கைப் போட்டார். கிழக்கே போகும் ஒரு அலையை வடபக்கத்தில் வலமும் தென்பக்கத்தில் இடமுமாகத் திருப்பும் பூமியின் சுழற்சி, இரு பக்கமிருந்தும் அதைப் பூமத்திய ரேகையை நோக்கியே அமுக்குகிறது. இரு கரைக்கு நடுவே ஓடும் ஆறுபோல, ரேகையே அலைக்கு வாய்க்காலாகிவிடுகிறது. அதில் ‘கெல்வின்’ அலைகள் கிழக்கேயும் ராஸ்பி அலைகள் மேற்கேயும் ஓடுகின்றன. கடுதாசியில் கணக்காக இருந்த இந்த அலைகள் பின்னாளில் செயற்கைக்கோள் மேகப் படங்களில் அப்படியே அகப்பட்டன.

அலைகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஓரளவு சொன்னபடி கேட்கும். இன்று இங்கே இருந்தால் நாளை எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் காற்றில் அலைகள் மட்டும் இல்லை. ஊதுபத்தியைக் கொளுத்தினால் புகை சிறிது தூரம் நூல் பிடித்த மாதிரி மேலே ஏறுகிறது. திடீரென்று நூல் அறுந்து சுருள் சுருளாகக் கலைகிறது. எந்தச் சுருள் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. காவிரியில் புது வெள்ளம் பாலத் தூணில் மோதிப் பல சுழிகளாக உடைவதும் இதே கதைதான். இதற்குப் பெயர் கொந்தளிப்பு. வளிமண்டலத்தில் அலையும் கொந்தளிப்பும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. எது அலை, எது சுழி என்று பிரித்தெடுப்பதில்தான் வானிலைக் கணிப்பின் உயிர் இருக்கிறது.

மேகப் படங்களோடு ஒரு பெண்

1944-ல் புனேயில் பிறந்த சுலோசனா காட்கில், 1970-ல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கியது அட்லாண்டிக் கடலின் ‘கல்ஃப் ஸ்ட்ரீம்’ நீரோட்டம் ஏன் நெளிந்து நெளிந்து ஓடுகிறது என்ற ஆராய்ச்சிக்கு. பிறகு எம்.ஐ.டி.யில் ஜூல் சார்னியிடம் பணி. 1950-ல் கம்ப்யூட்டர் வழியே உலகின் முதல் வானிலைக் கணிப்பைச் செய்த குழுவின் தலைவர் சார்னி. அமெரிக்காவிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1971-ல் கணவர் மாதவ் காட்கிலுடன் இந்தியா திரும்பினார். 1973-ல் இருவரும் இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்கள். சூழலியல் அறிஞரான கணவர் பின்னாளில் மேற்குத் தொடர்ச்சி மலை அறிக்கையால் நாடறிந்தவரானார். மனைவி வானத்தைப் பார்த்தார்.

பருவமழைக்கு அன்று பாடப்புத்தகங்கள் சொன்ன காரணம், 1686-ல் எட்மண்ட் ஹாலி சொன்னது: கோடையில் நிலம் சூடாகிறது, கடல் குளிர்ச்சியாக இருக்கிறது, எனவே கடற்காற்று ஈரத்தோடு நிலத்துக்குள் வருகிறது. இது ஒரு பிரம்மாண்டமான கடற்கரைக் காற்று, அவ்வளவுதான். இன்றும் பல பள்ளிகளில் இதுவே பாடம். ஆனால் நிலம் உச்சகட்டமாகக் காய்வது மழை கொட்டும் ஜூலையில் அல்ல, கத்திரி வெயிலடிக்கும் மே மாதத்தில். போதாததற்கு, மழை நன்றாகப் பெய்யும் ஆண்டுகளைவிட வறட்சி ஆண்டுகளில்தான் நிலம் அதிகம் சூடாக இருக்கிறது. சூடுதான் மழையை இழுக்கிறது என்றால் இது எப்படி?

வானிலை விஞ்ஞானி டி.ஆர். சிக்காவும் காட்கிலும் 1973 முதல் 1977 வரையிலான செயற்கைக்கோள் படங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நாளும் மேகப் பட்டை எந்த அட்சரேகையில் நிற்கிறது என்று குறித்தார்கள். விலையுயர்ந்த கருவியோ சூப்பர் கம்ப்யூட்டரோ தேவைப்படாத, பொறுமை மட்டுமே தேவைப்பட்ட வேலை அது. புள்ளிகள் சேரச் சேர ஓர் உருவம் தெரிந்தது. மேகப் பட்டை இரண்டு இடங்களை விரும்புகிறது. ஒன்று இந்திய நிலப்பரப்பு, மற்றொன்று பூமத்திய ரேகையையொட்டிய இந்தியப் பெருங்கடல். கடலில் எழும் பட்டை இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை வடக்கே நகர்ந்து நிலத்தின் மேல் ஏறுகிறது, அங்கே தேய்ந்துகொண்டிருக்கும் பட்டைக்கு உயிர் கொடுக்கிறது.

1980-ல் வெளியான இந்த ஆய்வுக் கட்டுரை, பருவமழையைக் கடற்கரைக் காற்றின் கணக்கிலிருந்து மீட்டு, உலகைச் சுற்றியுள்ள வெப்ப மண்டல மழைப் பட்டையின் ஒரு பகுதியாக நிறுத்தியது. கோடையில் அந்தப் பட்டை இந்தியாவின் மேல் வந்து உட்கார்ந்துகொள்வதுதான் பருவமழை. கூடவே ஒரு நடைமுறைப் பயனும் கிடைத்தது. மழை ஒரு வாரம் கொட்டுவதும் இரண்டு வாரம் காய்வதும் விதியின் விளையாட்டு அல்ல, அதற்கு ஒரு தாளம் இருக்கிறது. தாளம் இருந்தால் அடுத்த அடியை ஊகிக்கலாம். இதே காலத்தில், 1971-ல் அமெரிக்காவின் மேடனும் ஜூலியனும் கண்டுபிடித்த, 40, 50 நாட்களில் பூமத்திய ரேகையையொட்டிக் கிழக்கே நகரும் பெரும் மேகக் கூட்டத்தின் கதையும் இதோடு இணைந்தது. இன்று ‘எம்.ஜே.ஓ. சாதகமாக இருக்கிறது’ என்று சென்னை மழை ரசிகர்கள் கூடச் சொல்வது அதைத்தான்.

தொட்டிக்குள் ஒரு மேகம்

அலைகள் காட்கிலின் வசம் என்றால், கொந்தளிப்பு ரொத்தம் நரசிம்மாவின் வசம். 1933-ல் பிறந்து பெங்களூருவில் வளர்ந்த நரசிம்மா, விண்வெளித் துறையை வழிநடத்திய சதீஷ் தவானின் மாணவர். கால்டெக்கில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, விமான இறக்கைமேல் ஓடும் காற்று எப்போது சீராக ஓடும், எப்போது கலங்கும் என்று ஆராய்ந்தவர். 1982-ல் அறிவியல் கழகத்தில் வளிமண்டல அறிவியலுக்குத் தனி மையம் பிறந்ததற்கு முக்கிய காரணகர்த்தா. விமானத்தைச் சுற்றி ஓடும் காற்றும் பருவக்காற்றும் ஒரே சமன்பாடுகளுக்குத்தான் கட்டுப்படுகின்றன என்பது அவரது வாதம்.

அந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டுமானால் கம்ப்யூட்டர் வேண்டும். 1980-களில் அறிவியல் கழகத்துக்காக இந்தியா அமெரிக்காவிடம் ஒரு ‘க்ரே’ சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. ராணுவத்துக்குப் பயன்படுத்திவிடுவார்கள் என்று அமெரிக்கா இழுத்தடித்தது. கடைசியில் சக்தி குறைந்த மாடல் ஒன்றை, வானிலைக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அது பெங்களூருவுக்கு வரவில்லை, டெல்லிக்குப் போனது. அப்போது பெங்களூருவின் தேசிய வானூர்தி ஆய்வகமான என்.ஏ.எல்.லின் இயக்குநராக இருந்த நரசிம்மா, கேட்டுக் கிடைக்காததைச் செய்துகொள்வோம் என்று முடிவெடுத்தார். பல சிறு கம்ப்யூட்டர்களை ஒன்றாகப் பூட்டி ஒரே கணக்கைப் பங்கிட்டுப் போட வைத்தார்கள். 1986-ல் உருவான ‘ஃப்ளோசால்வர்’ இந்தியாவின் முதல் இணைச் செயல் கம்ப்யூட்டர். பிறகு அதன் அடுத்தடுத்த வடிவங்கள் வானிலைக் கணிப்புக் கணக்கையும் போட்டன.

கம்ப்யூட்டர் மட்டும் போதாது என்பதும் நரசிம்மாவுக்குத் தெரியும். கணிப்புக் கம்ப்யூட்டர் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒரு கட்டம் பத்து, நூறு கிலோமீட்டர். ஒரு மேகமோ ஒன்றிரண்டு கிலோமீட்டர். வலைக் கண்ணில் நழுவும் நெத்திலிபோல மேகம் கட்டத்துக்குள் அகப்படாமல் போய்விடும். எனவே ஒரு மேகம் சுற்றியுள்ள வறண்ட காற்றை எவ்வளவு உள்ளிழுக்கும், எவ்வளவு உயரம் எழும் என்பதைச் சூத்திரமாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர வேண்டும். சூத்திரம் தப்பினால் மழையும் தப்பும்.

வானத்து மேகத்தைக் கட்டிப்போட்டு அளக்க முடியாது. நரசிம்மாவும் ஜி.எஸ். பட் முதலான சக விஞ்ஞானிகளும் மேகத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் கொண்டுவந்தார்கள். தொட்டியின் அடியிலிருந்து நீர்த்தாரை ஒன்றை மேலே பீய்ச்சினால் அது பக்கத்து நீரை இழுத்துக்கொண்டு கூம்பு வடிவில் அகன்றுகொண்டே போகும். வானத்து மேகம் அப்படி அகல்வதில்லை, குவியலாகக் கோபுரம் கட்டுகிறது. வித்தியாசம் எங்கே? மேகத்துக்குள் நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. தொட்டியில் அதைச் செய்ய, தாரை நீரில் சிறிது அமிலம் கலந்து மின்சாரம் பாயும்படி செய்து, குறிப்பிட்ட உயரத்தில் கம்பி வலைகளை வைத்து மின்சாரத்தால் சூடேற்றினார்கள். தாரை அகல்வது குறைந்தது. பெரிய சுழிகள் சிதைந்தன. பக்கத்து நீரை உள்ளிழுப்பது தணிந்தது. தொட்டிக்குள் மேகம் போன்ற உருவங்கள் எழுந்தன. 1990-களில் தொடங்கிய இந்தப் பரிசோதனைகளின் முக்கிய முடிவுகள், பெங்களூரு ஜக்கூரிலுள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்திலிருந்து 2011-ல் வெளிவந்தன. நரசிம்மாவுக்கு அப்போது வயது 78. 2020 டிசம்பரில் அவர் மறைந்தார்.

பொய்த்த கணிப்பு, மெய்யான பாடம்

கொந்தளிப்பு ஏன் கணிப்பாளர்களின் எதிரி? 1960-களில் எட்வர்ட் லோரன்ஸ் கொடுத்த விளக்கம்: ஒரு சிறு மேகத்தின் அளவில் செய்யும் பிழை சில மணி நேரத்தில் ஒரு புயல்மழையின் அளவுக்கு வளரும். அது சில நாட்களில் ஒரு புயல்சின்னத்தின் அளவுக்குப் பெருகும். பிறகு உலகையே தொற்றும். எவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருந்தாலும் சுமார் இரண்டு வாரத்துக்கு மேல் இன்ன நாளில் இன்ன ஊரில் மழை என்று சொல்ல முடியாது. இது மனிதனின் சோம்பல் அல்ல, இயற்கையின் வரம்பு.

ஆனால் சுழலும் உருண்டை ஒரு சலுகையும் தருகிறது. சாதாரணமாகப் பெரிய சுழி உடைந்து சின்னச் சுழிகளாகும். மெல்லிய படலமாகச் சுழலும் கோளத்தில் எதிர்மாறாகவும் நடக்கும். சின்னச் சுழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருக்கின்றன. ஓர் அளவுக்கு மேல் பெருக்கும்போது ராஸ்பி அலைகள் குறுக்கிட்டு, சுழிகளைக் கிழக்கு மேற்காக நீட்டிப் பட்டைகளாக்கிவிடுகின்றன. வியாழன் கோளில் தெரியும் வண்ணப் பட்டைகள் இதன் கண்கண்ட உதாரணம். குழப்பத்திலிருந்தே ஒழுங்கு பிறக்கிறது. அந்தப் பெரிய ஒழுங்குகள் மெதுவாக மாறுவதால், அவற்றை நம்பி முன்னே பார்க்கலாம். 1981-ல் சார்னியும், உத்தரப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அமெரிக்கா போன ஜகதீஷ் சுக்லாவும் இன்னொரு நம்பிக்கையையும் சேர்த்தார்கள். வெப்ப மண்டலத்தின் பருவகால மழையைப் பெரிதும் ஆட்டுவிப்பது கடலின் வெப்பம். கடல் நிதானமானது, மாதக்கணக்கில் ஞாபகம் வைத்திருக்கும். எனவே இன்ன நாள் மழை என்று சொல்ல முடியாவிட்டாலும் இந்தப் பருவம் எப்படி என்று சொல்லலாம்.

சொல்லலாம்தான். 2002-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நீண்டகாலச் சராசரியில் 101 சதவீத மழை என்றது. பெய்தது 81 சதவீதம். ஜூலையில் மட்டும் இயல்பில் பாதிதான். 2009-ல் 96 என்று சொல்லி 78-ல் முடிந்தது. 1997-ல் எதிர்ப்பக்க ஏமாற்றம்: நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களுள் ஒன்று பசிபிக்கில் தகித்தபோது இந்தியாவில் வறட்சி நிச்சயம் என்று பலர் அஞ்சினார்கள். 102 சதவீதம் கொட்டியது.

பசிபிக்கை மட்டும் பார்த்தது தவறு, வீட்டு வாசலிலுள்ள கடலைப் பார்க்கவில்லை என்பது பெங்களூரு குழுவின் வாதம். காட்கிலும் பி.என். விநயச்சந்திரன் முதலானோரும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு, பூமத்திய ரேகையையொட்டிய இந்தியப் பெருங்கடலில் மேகங்கள் கிழக்குப் பக்கம் குவிகின்றனவா, மேற்குப் பக்கம் குவிகின்றனவா என்ற ஊசலாட்டத்தைச் சுட்டியது. ‘ஈக்வினூ’ என்று செல்லப் பெயர் பெற்ற இந்த ஊசல் மேற்கே சாய்ந்தால் இந்தியாவுக்கு நல்லது. 1997-ல் அது கைகொடுத்தது. 2002-ல் காலை வாரியது.

இலங்கைக்குக் கிழக்கே

கடலைப் படிக்காமல் காற்றைப் படிக்க முடியாது என்பதால் பெங்களூரு விஞ்ஞானிகள் கப்பலேறினார்கள். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், கடலே இல்லாத ஊரில் கடல் ஆராய்ச்சியா என்று கேட்டவர்கள் உண்டு. கடல்நீர் சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் பெருமேகங்கள் எழும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது என்று காட்கிலும் சக ஆய்வாளர்களும் 1984-ல் கண்டிருந்தார்கள். வங்கக் கடல் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேயே நிற்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் உப்புநீரின் மேல் பாலாடைபோல் படர்ந்து, கீழிருக்கும் குளிர்நீர் மேலே வரவிடாமல் தடுப்பது அதற்கு ஒரு காரணம். 1999 ஜூலை, ஆகஸ்டில் ‘சாகர் கன்யா’, ‘சாகர்த்வனி’ கப்பல்களில் நடந்த ‘பாப்மெக்ஸ்’ ஆய்வு, கொட்டும் மழைக்கு நடுவே கடலும் காற்றும் எப்படிக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன என்பதை அளந்தது. 2016-ல் விநயச்சந்திரன் தலைமையில் இந்திய, பிரிட்டிஷ் குழு ‘சிந்து சாதனா’ கப்பலில் இலங்கைக்குக் கிழக்கே போய்த் தானியங்கி நீர்மூழ்கிக் கருவிகளை இறக்கியது.

இலங்கைக் கடலில் என்ன விசேஷம்? தென்மேற்குப் பருவக்காற்றின் போது தீவின் கிழக்கே குளிர்நீர் ஒரு குன்றுபோல் கீழிருந்து மேலே பொங்குகிறது. அதைக் கண்டு ‘இலங்கைக் கும்மட்டம்’ என்று 1998-ல் பெயரிட்டவர்கள் விநயச்சந்திரனும் ஜப்பானின் யமகாட்டாவும். கிழக்கிலிருந்து கடலுக்கடியில் தவழ்ந்து வரும் ராஸ்பி அலைகள் அந்தக் குன்றின் ஆயுளை நிர்ணயிப்பதில் பங்கு வகிக்கின்றன. பூமத்திய ரேகையில் கிழக்கே ஓடும் கெல்வின் அலைகளோ சுமத்ராவில் மோதி, மியான்மர், வங்கதேசம் என்று கரையைப் பிடித்தபடியே வந்து தமிழகக் கரையைத் தொட்டு இலங்கையைச் சுற்றுகின்றன. ராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ மீனவர் உணரும் நீரோட்டத்தின் மாற்றத்தில் மாதங்களுக்கு முன் ரேகையில் வீசிய காற்றின் கையெழுத்தும் இருக்கிறது.

இந்த மரபு இன்றும் தொடர்கிறது. அறிவியல் கழகத்தின் ஜெய் சுகாத்மே போன்றவர்கள், சுழலும் கோளத்தின் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் வைத்து, அதில் ஈரப்பதத்தைச் சேர்த்து என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். மலை இல்லை, நகரம் இல்லை. உருண்டை, சுழற்சி, ஈரம் மட்டும். ஈரம் சேர்ந்ததும் அலைகளின் வேகம் மாறுகிறது. சில சமயம் மேற்கே போகவேண்டியது கிழக்கே திரும்புகிறது. எல்லாவற்றையும் திணித்த பெரிய கணிப்பு மாடல்கள் தப்பும்போது எங்கே தப்பின என்று காட்டிக்கொடுப்பது இத்தகைய எலும்புக்கூடு மாடல்கள்தான்.

எத்தனை அலைகள் போதும்?

பெரிய மாடல்களும் வளர்ந்துவிட்டன. 1994-ல் டெல்லியில் க்ரே கம்ப்யூட்டரில் தினசரி ஓடத் தொடங்கிய ‘டி-80’ மாடல், காற்றோட்டத்தைப் பூமியைச் சுற்றி 80 அலைகள் வரை பிரித்துக் கணக்கிட்டது. அதாவது 500 கிலோமீட்டருக்குக் குறைந்த அலை எதுவும் அதன் கண்ணில் படாது. பின்னால் வந்த ‘டி-1534’ மாடலுக்கு 26 கி.மீ. அலைவரை தெரியும். 2025 மே மாதம் அறிமுகமான, புனே வெப்ப மண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘பாரத் கணிப்பு முறை’ ஆறு கிலோமீட்டர் கட்டங்களில் கணக்குப் போடுகிறது. அதற்காகப் புனேயில் ‘அர்க்கா’, நொய்டாவில் ‘அருணிகா’ என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள்.

ஆனாலும் வரம்பு வரம்புதான். 2023 டிசம்பரில் குமரிக்கடல் மேலிருந்த காற்றுச் சுழற்சி தென் தமிழகத்துக்கு மழை தரும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. சுழற்சி ஆயிரம் கிலோமீட்டர் சமாசாரம். ஆனால் 24 மணி நேரத்தில் காயல்பட்டினம் என்ற ஒரே ஊரில் சுமார் 95 செ.மீ. கொட்டும் என்பது சில கிலோமீட்டர் மேகங்களின் சமாசாரம். வெள்ளம் வடிவதற்குள் யார் எப்போது எச்சரித்தார்கள் என்ற வாக்குவாதம் மத்திய, மாநில அரசுகளிடையே தொடங்கிவிட்டது. அந்த வாக்குவாதத்தில் காணாமல் போனது ஒரு எளிய விஷயம். கணிப்பு என்பது தீர்ப்பு அல்ல, வாய்ப்பு. 2018 முதல் ஒரே கணிப்புக்குப் பதிலாகச் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளோடு 21 கணிப்புகளை ஓட்டி, எத்தனை கணிப்பில் கனமழை வருகிறது என்று பார்க்கும் முறை உயர்ந்த துல்லியத்தில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இருபத்தொன்றில் மூன்று சொன்னால் என்ன செய்வது, பதினைந்து சொன்னால் என்ன செய்வது என்று கலெக்டருக்கும் அணைப் பொறியாளருக்கும் சொல்லித்தரும் வேலைதான் மிச்சமிருக்கிறது.

சுலோசனா காட்கில் விவசாயிகளிடம் போனதும் இந்த வேலைக்காகத்தான். நாளை மழையா என்று அவர் ஜோசியம் சொல்லவில்லை. பல பத்தாண்டு மழையின் போக்கைக் காட்டி, எந்த வாரத்தில் விதைத்தால் எத்தனை வருஷம் ஜெயிக்கலாம், எத்தனை வருஷம் தோற்கலாம் என்று கணக்குக் காட்டினார். விவசாயியை ஆலோசனை கேட்டுக்கொள்பவராக அல்லாமல், கேள்வியைத் தீர்மானிக்கும் பங்காளியாக நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். 2025 ஜூலையில், பருவமழை நாடு முழுவதும் பரவியிருந்த நாட்களில், பெங்களூருவில் 81-வது வயதில் அவர் காலமானார்.

பாவகடாவில் இன்று 13,000 ஏக்கரில் சூரிய மின் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2,050 மெகாவாட் மின்சாரம் தரும் உலகின் பெரிய சூரியப் பூங்காக்களுள் அதுவும் ஒன்று. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 21,000 ரூபாய் என்று நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் மழைக் கணக்கிலிருந்தே விலகிக்கொண்டுவிட்டார்கள். வேலிக்கு வெளியே நிலம் வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை. ஜூன் பிற்பாதியில் ஒரு மழை பெய்ததும் அவர்கள் முன்னால் பழைய கேள்வி மறுபடி வந்து நிற்கும். இன்றே விதைப்பதா, ஜூலை பாதிவரை பொறுப்பதா?